கோவா எல்லை டூ மும்பை: கொங்கன் கடற்கரையில் 10 நாள் பைக் பயணம்... கோடையில் எப்படித் திட்டமிடுவது? எப்போது கிளம்பக் கூடாது?

கோடை விடுமுறை வந்தாலே பைக் வைத்திருப்பவர்களுக்குக் கை அரிக்கும். ஊட்டி, கொடைக்கானல், மூணாறு என்று போய் அலுத்தவர்கள் அடுத்துத் தேடும் பாதைகளில் ஒன்று, மகாராஷ்டிராவின் கொங்கன் கடற்கரை. ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, நடுவில் செம்பாறை மேடுகள், கடல் கோட்டைகள், மாந்தோப்புகள், பைக்கையே ஏற்றிச் செல்லும் படகுகள்.

மேப்பில் பார்த்தால் ரொம்ப எளிதாகத் தெரியும். கோவா எல்லையில் இருந்து மும்பைக்கு நெடுஞ்சாலையில் சுமார் 500 கிலோமீட்டர்தான். விடியற்காலையில் கிளம்பி விடாமல் ஓட்டினால் ஒரே நாளில் போய்விடலாம். ஆனால் கடலை ஒட்டியே போக வேண்டும் என்றால் 9, 10 நாள் ஆகும். ஏன் இவ்வளவு வித்தியாசம்? கோடையில் இந்தப் பாதையில் என்னென்ன சிக்கல் வரும்? எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

கொங்கன் கடற்கரை ஏன் இவ்வளவு கரடுமுரடு?

நம்ம ஊர் கிழக்குக் கடற்கரைச் சாலை போல இங்கே தரை சமமாக இருக்காது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கடலுக்கும் இடையே உள்ள தூரம் குறைவு. மலையில் பிறக்கும் ஆறுகள் சீக்கிரமே கடலுக்கு வந்துவிடுகின்றன. அந்த ஆறுகளின் வாய்க்குள் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறி நிற்கும். இந்தக் கழிமுகங்களைத்தான் மராத்தியில் 'காடி' என்கிறார்கள்.

இரண்டு காடிகளுக்கு நடுவே செம்பாறை மேடு. குமரி மாவட்டத்தில் வெட்டுக்கல் என்று சொல்வார்களே, அதே பாறைதான். மேலே ஏறினால் மரமே இல்லாத மொட்டைவெளி. கீழே இறங்கினால் தென்னந்தோப்பும் மீனவக் கிராமமும். அடுத்து ஒரு காடி. இப்படி ஏறி, இறங்கி, வளைந்து போவதால் சராசரி வேகம் மணிக்கு 25 முதல் 30 கிலோமீட்டர்தான் கிடைக்கும். 80 கிலோமீட்டர் என்றால் 3 மணி நேரம் என்று கணக்குப் போடுங்கள்.

தேசிய நெடுஞ்சாலை 66-க்கும் இந்தச் சாலைக்கும் என்ன வித்தியாசம்?

மும்பை அருகே பன்வேலில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 66, கோவா, கர்நாடகா, கேரளா வழியாக வந்து நம்ம கன்னியாகுமரியில் முடிகிறது. கொங்கனில் இந்தச் சாலை கடலைத் தொடுவதில்லை. உள்ளே தள்ளி, மலையடிவாரத்தை ஒட்டிப் போகும். லாரி, பஸ் நெரிசலும் அதிகம்.

கடலை ஒட்டிப் போவது ரேவஸ் - ரெடி கடற்கரைச் சாலை. அலிபாக் பக்கம் உள்ள ரேவஸில் இருந்து கோவா எல்லையில் உள்ள ரெடி வரை கிராமங்களின் வழியாகச் செல்கிறது. சில இடங்களில் நல்ல தார், சில இடங்களில் ஒரு வண்டி போகும் அகலம்தான். காடி வரும் இடங்களில் சாலையே முடிந்துவிடும். அங்கே ஃபெர்ரி படகில் பைக்கை ஏற்றி அக்கரைக்குப் போக வேண்டும்.

சில காடிகளின் மீது பாலம் கட்டும் திட்டங்கள் உள்ளன. அதனால் எது திறந்திருக்கிறது, எங்கே மாற்றுப்பாதை என்பதைக் கிளம்பும் வாரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எப்போது கிளம்ப வேண்டும்?

இந்தப் பயணத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது கிளம்பும் தேதி அல்ல, முடிக்கும் தேதி. மே 15-க்குள் முடிப்பதுபோலத் திட்டமிடுவது நல்லது.

காரணம், தென்மேற்குப் பருவமழை. வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளாவிலும், ஜூன் 11 வாக்கில் மும்பையிலும் தொடங்கும். ஆனால் 2025-ல் மே 26-ம் தேதியே மும்பைக்கு வந்துவிட்டது. "ஜூன் வரை டைம் இருக்கு" என்று மே கடைசியில் கிளம்பியிருந்தால் மழையில்தான் மாட்டியிருப்பார்கள்.

மழைக்கு முன்பே புயல் ஆபத்தும் உண்டு. 2021 மே நடுவில் டவ்தே புயல் இந்தக் கரையை ஒட்டியே குஜராத் நோக்கி நகர்ந்தது. 2020 ஜூன் 3-ம் தேதி நிசர்கா புயல் அலிபாக் பகுதியில் கரையைக் கடந்து, ராய்காட் மாவட்டத்தின் தென்னை, பாக்குத் தோப்புகளைச் சாய்த்துப் போட்டது.

மழைக்காலத்தில் கடல் கோட்டைகளுக்கான படகுகள் நிறுத்தப்படும். காடி ஃபெர்ரிகளும் கடல் கொந்தளித்தால் ஓடாது. எனவே ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் இருந்து மே முதல் வாரத்துக்குள் கிளம்புவது சரியாக இருக்கும். அல்போன்சா மாம்பழ சீசனும் அப்போதுதான்.

இன்னொரு விஷயம். தமிழ்நாட்டின் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கடற்கரையில் தடை தொடங்குவது ஜூன் 1-ல்தான். ஆக, நம்ம ஊரில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது அங்கே மீன் ஏலம் ஜோராக நடக்கும்.

தெற்கில் இருந்து வடக்கா? வடக்கில் இருந்து தெற்கா?

பலரும் மும்பையில் தொடங்கி கோவாவில் முடிப்பார்கள். தமிழ்நாட்டில் இருந்து போகிறவர்களுக்கு அதைத் தலைகீழாகச் செய்வது லாபம்.

காரணம் 1: சென்னையில் இருந்து பெங்களூரு, சித்ரதுர்கா, ஹுப்பள்ளி வழியாக பெலகாவி சுமார் 850 கிலோமீட்டர். இரண்டு நாளில் போய்விடலாம். அங்கிருந்து அம்போலி மலைப்பாதையில் இறங்கினால் சாவந்த்வாடி. அடுத்தது கடல்தான்.

காரணம் 2: வடக்கு நோக்கி ஓட்டும்போது கடல் உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும். நாம் ஓட்டுவதும் இடது பக்கம். போட்டோ எடுக்க நிறுத்தும்போது எதிர்த்திசை வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை.

காரணம் 3: மும்பையில் முடித்துவிட்டு, பைக்கை ரயில் பார்சலில் போட்டுவிட்டு நீங்களும் ரயிலில் திரும்பலாம்.

10 நாள் பாதை: எந்த நாள் எங்கே?

சென்னையில் சனிக்கிழமை கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். ஞாயிறு இரவு பெலகாவி. கடற்கரைப் பயணம் திங்கட்கிழமை தொடங்கும். கிலோமீட்டர்கள் தோராயமானவை.

நாள் 1, திங்கள்: பெலகாவி - அம்போலி - சாவந்த்வாடி - வெங்குர்லா (120 கி.மீ.). நேரம் இருந்தால் ரெடி வழியாகக் கோவா எல்லையில் உள்ள தெரேகோல் கோட்டை வரை போய்த் திரும்பலாம்.

நாள் 2, செவ்வாய்: வெங்குர்லா - மால்வண் (60 கி.மீ.). தூரம் குறைவுதான். இரண்டு நாள் ஹைவே ஓட்டிய உடம்புக்கு இது தேவை.

நாள் 3, புதன்: ஓய்வு. மால்வணில் படகு பிடித்து சிந்துதுர்க் கோட்டை. சத்ரபதி சிவாஜி 1664-ல் தொடங்கி மூன்று ஆண்டுகளில் கட்டி முடித்த கடல் கோட்டை இது.

நாள் 4, வியாழன்: மால்வண் - ஆச்சரா - குணகேஷ்வர் - தேவ்கட் - விஜய்துர்க் (85 கி.மீ.). தேவ்கட் என்றாலே மாம்பழம். கொங்கன் மாவட்டங்களின் அல்போன்சாவுக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

நாள் 5, வெள்ளி: விஜய்துர்க் - ஜைதாபூர் - ரத்னகிரி (100 கி.மீ.). பர்மாவின் கடைசி மன்னர் தீபா, ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்டு 1916-ல் இறக்கும் வரை வாழ்ந்தது இந்த ஊரில்தான். அவருக்காகக் கட்டப்பட்ட அரண்மனை இன்றும் இருக்கிறது.

நாள் 6, சனி: ரத்னகிரி - ஆரே வாரே - கண்பதிபுலே - ஜெய்கட், ஃபெர்ரி, தவ்சால் - குஹாகர் (90 கி.மீ.). ஆரே வாரே மேட்டில் இருந்து தெரியும் கடல்தான் பலரின் போனில் வால்பேப்பராக இருப்பது.

நாள் 7, ஞாயிறு: குஹாகர் - தோபாவே, ஃபெர்ரி, தாபோல் - ஹர்ணை (60 கி.மீ.). மாலையில் ஹர்ணை கடற்கரை மணலில் நடக்கும் மீன் ஏலத்தைத் தவறவிடாதீர்கள். எதிரே கடலுக்குள் நிற்பது சுவர்ணதுர்க் கோட்டை.

நாள் 8, திங்கள்: ஹர்ணை - ஆஞ்சர்லே - கேள்ஷி - வேஷ்வி, ஃபெர்ரி, பாக்மாண்ட்லா - ஹரிஹரேஷ்வர் - ஸ்ரீவர்தன் (70 கி.மீ.). இங்கே சாவித்திரி நதியைக் கடந்தால் ரத்னகிரி மாவட்டம் முடிந்து ராய்காட் தொடங்கும்.

நாள் 9, செவ்வாய்: ஸ்ரீவர்தன் - சேகாடி - திவேஆகர் - திகி, ஃபெர்ரி, ஆகர்தண்டா - முருட் (60 கி.மீ.). சேகாடி வழியில் சாலைக்கும் அலைக்கும் நடுவே பல இடங்களில் பாறைகள் மட்டுமே. முருட் பக்கத்தில் ராஜ்புரியில் இருந்து ஜஞ்சிரா கோட்டைக்குப் படகு உண்டு. மராத்தியர் பலமுறை முயன்றும் பிடிக்க முடியாத சித்திகளின் கோட்டை அது.

நாள் 10, புதன்: முருட் - காஷித் - அலிபாக் - மாண்ட்வா, ஃபெர்ரி, மும்பை (70 கி.மீ.).

எதற்காக சனிக்கிழமை கிளம்ப வேண்டும்? அலிபாக், முருட், ஸ்ரீவர்தன் எல்லாம் மும்பை, புனே மக்களின் வார இறுதி ஊர்கள். சனி, ஞாயிறு அறை வாடகை ஏறும், ஃபெர்ரியில் கார்கள் வரிசை கட்டும். இந்தக் கணக்கில் போனால் அந்தப் பகுதியை நீங்கள் திங்கள் முதல் புதனுக்குள் கடந்துவிடுவீர்கள்.

இந்தப் பாதைக்கும் செஞ்சிக்கும் என்ன தொடர்பு?

2025 ஜூலையில் 'மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன. மீதி ஒன்று, விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சிக் கோட்டை. இந்தப் பாதையில் வரும் சிந்துதுர்க், விஜய்துர்க், சுவர்ணதுர்க் மூன்றும் அதே பட்டியலில் உள்ளவை.

ஃபெர்ரி: எதைக் கவனிக்க வேண்டும்?

இந்தப் பாதையில் ஜெய்கட், தாபோல், வேஷ்வி, திகி என நான்கு காடி ஃபெர்ரிகள். கடைசியாக மாண்ட்வாவில் இருந்து மும்பை பாவுச்சா தக்கா துறைக்கு ஒரு மணி நேரப் பயணமாக ரோ-ரோ கப்பல். காடி ஃபெர்ரிகள் 10, 20 நிமிடத்தில் அக்கரை சேர்த்துவிடும்.

கடைசி ஃபெர்ரியை விட்டால் என்ன ஆகும்? உதாரணத்துக்கு தோபாவே - தாபோல். தண்ணீரில் கூப்பிடு தூரம். சாலையில் சுற்றினால் சிப்ளூண் வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல். இருட்டில், தெருவிளக்கு இல்லாத மலை வளைவுகளில், நாள் முழுக்க வெயிலில் காய்ந்த உடம்போடு அதை ஓட்ட வேண்டும். விபத்து நடப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். அப்படி நேர்ந்தால் சுற்றிப் போகாதீர்கள், இக்கரையிலேயே தங்கிவிடுங்கள்.

* முதல் நாள் இரவே தங்கும் வீட்டுக்காரரிடம் மறுநாள் ஃபெர்ரி நேரத்தைக் கேளுங்கள். இணையத்தில் உள்ள நேரம் பழையதாக இருக்கலாம்.

* மாண்ட்வா ரோ-ரோவுக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

* மேப் ஆப்பில் 'ஃபெர்ரி வேண்டாம்' என்ற செட்டிங் ஆனில் இருந்தால் உங்களை ஊர் சுற்ற வைத்துவிடும். பார்த்துக்கொள்ளுங்கள்.

* படகில் ஏறும் சாய்தளம் எப்போதும் ஈரமாக இருக்கும். தண்ணீர் வற்றிய நேரத்தில் பாசியும் சேர்ந்துகொள்ளும். முதல் கியரில், முன் பிரேக்கைத் தொடாமல், நேராக ஏறுங்கள். சாய்தளத்தில் வண்டியைத் திருப்பாதீர்கள்.

* ஏறியதும் வண்டியை கியரில் விட்டு சைடு ஸ்டாண்ட் போட்டு, பக்கத்திலேயே நில்லுங்கள்.

மும்பைக்கு ஏன் ஃபெர்ரியில்தான் போக வேண்டும்? சாலை வழியும் இருக்கிறது. ஆனால் அடல் சேது கடல் பாலத்தில் பைக்குக்கு அனுமதி இல்லை. பன்வேல், வாஷி என்று நகர நெரிசலில் சுற்றித்தான் நுழைய வேண்டும்.

35 டிகிரிதானே... அதுக்கு ஏன் பயப்படணும்?

சென்னை வெயிலில் ஓட்டுபவர்களுக்கு இந்தச் சந்தேகம் வரும். கொங்கனில் மே மாத வெப்பநிலை பெரும்பாலும் 33, 35 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். ஆனால் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஈரக்காற்றில் வியர்வை வழியுமே தவிரக் காயாது. இந்திய வானிலை ஆய்வு மையமும் இதைக் கணக்கில் எடுத்துத்தான், வெப்ப அலைக்கான வரம்பைச் சமவெளியில் 40 டிகிரி என்றும் கடலோரத்தில் 37 டிகிரி என்றும் வைத்திருக்கிறது.

வண்டி ஓடும்போது காற்று அடிப்பதால் உடம்புக்குத் தெரியாது. நின்றால்தான் தெரியும். ஹெல்மெட், ஜாக்கெட், கையுறையோடு ஃபெர்ரி வரிசையில் அரை மணி நேரம் நிற்பதுதான் இந்தப் பாதையில் ரொம்பக் கொடுமையான நேரம். எனவே வரிசையில் நின்றதும் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு நிழலுக்குப் போங்கள். ஓட்டும்போது மட்டும் கழற்றாதீர்கள்.

பெலகாவி வரையிலான உள்நாட்டுச் சாலையில் கணக்கு வேறு. அங்கே காற்று 38, 40 டிகிரியைத் தொடும். உடம்பின் தோலைவிடச் சூடான காற்று அடிக்க அடிக்கச் சூடுதான் ஏறும். அங்கே ஜாக்கெட்டைத் திறந்துவிடுவதைவிட, உள்பனியனை நனைத்துப் போட்டுக்கொண்டு மேலே மூடுவது பலன் தரும்.

ஒரு நாளின் நேர அட்டவணை இப்படி இருக்கட்டும்:

* காலை 6 முதல் 10.30 வரை: அன்றைய பாதையில் முக்கால்வாசி

* 11 முதல் 4 வரை: சாப்பாடு, தூக்கம், வண்டியைத் தொடாதீர்கள்

* 4 முதல் 6.30 வரை: மீதித் தூரம். இருட்டிய பின் ஓட்ட வேண்டாம்

தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் குடியுங்கள். வெறும் தண்ணீர் போதாது, ஓஆர்எஸ் பாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும் கோகம் சர்பத்தும் நல்லது. தலைவலி, குமட்டல், கால் பிடித்து இழுப்பது தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். கூட வருபவர் பேச்சு குழறினால், சம்பந்தம் இல்லாமல் பேசினால், அது வெப்ப பக்கவாதமாக இருக்கலாம். ஈரத்துணி, தண்ணீர், விசிறி எது கிடைத்தாலும் உடம்பைக் குளிரவைத்துக்கொண்டே 108-க்கு அழையுங்கள். மகாராஷ்டிராவிலும் ஆம்புலன்சுக்கு இதே எண்தான்.

கடலில் இறங்கலாமா?

கண்பதிபுலே போன்ற கடற்கரைகளில் கீழ்நீரோட்டம் பலமாக இருக்கும். உள்ளூர்க்காரர்கள் குளிக்காத இடத்தில் நீங்களும் குளிக்காதீர்கள். ஹரிஹரேஷ்வர் கோயிலின் சுற்றுப்பாதை கடல் பாறைகள் மீது போகிறது. தண்ணீர் வற்றும் நேரத்தில் மட்டும்தான் அதில் நடக்க வேண்டும். அலிபாக்கின் குலாபா கோட்டைக்கும் வற்றும் நேரத்தில் நடந்தே போகலாம், ஏறிவிட்டால் திரும்பி வரப் படகுதான்.

மராத்தியில் 'பர்தி' என்றால் நீர் ஏற்றம், 'ஓஹோட்டி' என்றால் வற்றம். இந்த இரண்டு வார்த்தையைத் தெரிந்துகொண்டால் போதும், யாரிடமும் நேரம் கேட்கலாம். ஏற்ற நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் நேற்று கேட்ட நேரம் இன்றைக்கு உதவாது.

பைக்கை மணலில் இறக்கி வீடியோ எடுக்கும் ஆசையும் வேண்டாம். ஈர மணலில் சக்கரம் புதைந்தால் தண்ணீர் ஏறுவதற்குள் எடுப்பது கஷ்டம். வேளாஸ், ஆஞ்சர்லே போன்ற கடற்கரைகள் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிடும் இடங்களும்கூட.

வண்டியில் என்ன பார்க்க வேண்டும்?

பெரிய பைக் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்த வேகத்துக்கு 150 சிசி வண்டியே தாராளம். கிளம்பும் முன் டயர், பிரேக் பேடு, கிளட்ச் கேபிள், செயின் நான்கையும் பாருங்கள். பாதி தேய்ந்த பிரேக் பேடை மாற்றிவிடுங்கள், தினமும் இறக்கம்தான். உப்புக்காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும், இரண்டு நாளுக்கு ஒருமுறை துடைத்து லூப் அடியுங்கள். ட்யூப்லெஸ் டயராக இருந்தால் பஞ்சர் கிட், காற்று அடிக்கும் சிறிய பம்ப் அவசியம். செம்பாறைச் சரளை பரவிய வளைவில் சாய்த்து ஓட்டாதீர்கள்.

சென்னையில் இருந்து மும்பை வரை மொத்தம் சுமார் 1,600 கிலோமீட்டர். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் என்றால் 46 லிட்டர் பெட்ரோல். கிராமப் பாதையில் பங்க் குறைவு என்பதால் டேங்க் பாதி ஆனதுமே நிரப்பிவிடுங்கள். சில மேடுகளிலும் காடிக்கரைகளிலும் சிக்னல் கிடைக்காது. ஆஃப்லைன் மேப்பும், ஃபெர்ரிக்கும் சாப்பாட்டுக்கும் சில்லறையாகப் பணமும் கையில் இருக்கட்டும்.

ஆர்சி, இன்சூரன்ஸ், லைசென்ஸ், புகைச் சான்று நான்கும் டிஜிலாக்கரில் இருந்தாலும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். கோவாவில் வாடகை பைக் எடுப்பதாக இருந்தால், மகாராஷ்டிராவுக்குள் கொண்டுபோக அனுமதி உண்டா என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரயில் பார்சலுக்கு பெட்ரோல் டேங்க் காலியாக இருக்க வேண்டும், ஆர்சி நகலும் அடையாள அட்டையும் கேட்பார்கள்.

தங்குவது, சாப்பிடுவது எப்படி?

கிராமங்களில் வீட்டோடு சேர்ந்த அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். சொன்னால் வீட்டுச் சாப்பாடும் கிடைக்கும். மால்வண் பக்கம் மீன் குழம்பு, சோறு, சோல்கடி. கோகமும் தேங்காய்ப்பாலும் சேர்த்த சோல்கடி வெயிலுக்கு இதமான பானம். ஹரிஹரேஷ்வர், கண்பதிபுலே போன்ற கோயில் ஊர்களில் பல வீடுகளில் சைவம் மட்டுமே. மகாராஷ்டிர சுற்றுலாக் கழகத்தின் விடுதிகள் தார்கர்லி, கண்பதிபுலே, ஹரிஹரேஷ்வரில் உள்ளன. மே மாதம் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

சுருக்கமாகச் சொன்னால்...

* மே 15-க்குள் முடியுங்கள்

* ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம்

* ஃபெர்ரி நேரத்தை முதல் நாள் இரவே கேளுங்கள்

* 11 முதல் 4 வரை வண்டி ஓட்டாதீர்கள்

* கையில் ஒரு நாள் உபரியாக வைத்திருங்கள்

அந்த உபரி நாள்தான் முக்கியம். ஃபெர்ரி ஓடாவிட்டாலும், டயர் பஞ்சர் ஆனாலும், உடம்பு முடியாவிட்டாலும் இழந்த நேரத்தைப் பிடிக்க வேகமாக ஓட்ட வேண்டியிருக்காது. எதுவுமே நடக்காவிட்டால்? மால்வணில் இன்னொரு நாள் மீன் சாப்பிடலாம்.

கிளம்பும் முன் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் முன்னறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அரபிக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்று செய்தி வந்தால், பயணத்தைத் தள்ளிவையுங்கள்.